ஒரு வருஷம் கேபிள் சுற்றினால் இன்ஜினியர் ஆகிவிட முடியுமா?

புதுச்செவி | ஜூன் 4, மாலை 6.20

ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் அசிஸ்டன்டாகச் சேரக் கூப்பிட்டிருக்கிறார்கள். வீட்டில் ஒரு லேப்டாப், மைக்கைக் கணினியோடு இணைக்கிற ஒரு இன்டர்ஃபேஸ் வைத்துக்கொண்டு மூன்று வருஷமாக மிக்ஸ் செய்கிறேன். கம்ப்ரஸர் (சத்த ஏற்றஇறக்கத்தை அடக்குவது), ஈக்யூ (தொனியைத் திருத்துவது) எல்லாம் தெரியும். நேரில் போய்ப் பேசினேன். முதல் வருஷம் கன்சோலில், அதாவது ஒலிகளைக் கலக்கும் மேசையில், கை வைக்கக் கூடாதாம். கேபிள் சுற்ற வேண்டும், ஸ்டாண்ட் தூக்க வேண்டும், யார் எத்தனை மணிக்கு எந்த டேக் (ஒரு தடவை பாடிப் பதிவது ஒரு டேக்) பாடினார்கள் என்று எழுத வேண்டும். எல்லாமே கணினியில் நடக்கிற காலத்தில் இது என்ன கூத்து? ஒரு வருஷம் வீண் என்பது என் கட்சி. இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

பழையகேபிள் | ஜூன் 4, இரவு 10.15

கேபிள் சுற்றத் தெரியுமா? முதலில் அதைச் சொல்லுங்கள். உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாக மாட்டி, கொடிக்கயிறு சுற்றுவது போலச் சுற்றுகிறவர் என்றால் மூன்று வருஷ மிக்ஸிங்கை ஓரமாக வைத்துவிட்டுக் கேளுங்கள். அப்படிச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் கேபிளுக்குள் ஒரு முறுக்கு ஏறுகிறது. இருபது சுற்றுக்கு இருபது முறுக்கு. உள்ளே இருக்கிற மெல்லிய கம்பிகளும் அவற்றைப் போர்த்தியிருக்கிற ஷீல்டும் நாளுக்கு நாள் நைந்து, என்றைக்காவது பாதி டேக்கில் 'கர்ர்' என்று கத்தும்.

ஸ்டுடியோவில் சுற்றும் விதம் வேறு. முதல் வளையம் சாதாரணமாக. அடுத்த வளையத்துக்குக் கையைக் கவிழ்த்துப் பிடித்து, கேபிள் அடிப்பக்கமாக வருகிற மாதிரி விட வேண்டும். மறுபடி நேர், மறுபடி கவிழ்ப்பு. முதல் முறுக்கை இரண்டாவது தின்றுவிடும். ஒழுங்காகச் சுற்றிய கேபிளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வீசினால் அறை நீளத்துக்கும் சிக்கில்லாமல் ஓடி நிற்கும். எனக்கு இது கைவர மூன்று வாரம் ஆனது. முதல் வாரம் நான் சுற்றி மாட்டியதையெல்லாம் சீனியர் ஒரு வார்த்தை பேசாமல் எடுத்து, உதறித் தரையில் போட்டுவிட்டுப் போவார். அவ்வளவுதான் பாடம்.

பழையகேபிள் | ஜூன் 4, இரவு 10.32

ஒன்று விட்டுப்போனது. சுற்றி முடித்தபின் முனை வளையத்துக்கு நடுவே புகுந்து மறுபக்கம் வந்துவிடக் கூடாது. வந்தால், வீசும்போது ஒவ்வொரு கவிழ்ப்புக்கும் ஒரு முடிச்சு விழும். பூத்தொடுத்த மாதிரி வரிசையாக நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

பழையகேபிள் | ஜூன் 5, காலை 7.05

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது.

வீட்டில் உங்கள் கைக்கு வருவது ஏற்கெனவே பதிவாகிவிட்ட ஒலி. அது பதிவாவதற்கு முன்னால் என்னென்ன நடக்கிறது என்பதை ஸ்டுடியோவில்தான் பார்ப்பீர்கள். கிடார் ஆம்பின் ஸ்பீக்கருக்கு நட்டநடுவே மைக்கை வைத்தால் ஒலி கூர்மையாக வரும். அதே மைக்கை ஸ்பீக்கரின் விளிம்புப் பக்கம் நாலு விரல் நகர்த்தினால் கூர் மழுங்கி இதமாகும். அந்த நாலு விரல் வித்தியாசத்தை ஈக்யூவில் கொண்டுவர அரைமணி நேரம் மல்லுக்கட்டித் தோற்றிருக்கிறேன். பாடகர் மைக்குக்குக் கிட்டே வந்தால் அடித்தொனி கனக்கும், ஒரு சாண் பின்வாங்கினால் மெலியும். பெரும்பாலான மைக்குகளில் இது உண்டு. ஸ்டாண்ட் தூக்குகிறவர்தான் இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்க்கிறார்: முதலில் ஸ்டாண்ட் எங்கே நின்றது, அப்புறம் எங்கே போனது, போனபின் என்ன மாறியது. தூக்குகிற கூலிவேலை என்று நினைத்தால் கூலிவேலைதான்.

அப்புறம் ஒரு விதி. எனக்கு முதல் நாளே சொன்னது. வாயைத் திறக்காதே. பாடியவர் உன்னைப் பார்த்தே "எப்படி இருந்தது?" என்று கேட்டாலும் நீ இன்ஜினியர் முகத்தைப் பார். இதை நூற்றுக்கு நூறு ஒப்புக்கொள்கிறேன்.

பழையகேபிள் | ஜூன் 5, இரவு 11.20

'எல்லாமே கணினியில்' என்றீர்கள். டேப் இருந்த காலத்தில் ஒரு வரியை மட்டும் திருத்திப் பாடுவதென்றால், ஓடுகிற டேப்பில் சரியான இடத்தில் பதிவை அமுக்கி, சரியான இடத்தில் விட வேண்டும். ஒரு சொல் முந்தி அமுக்கினால் நன்றாகப் பாடியிருந்த சொல் அழிந்துபோகும். அன்டூ கிடையாது. அந்தப் பொத்தானில் விரல் வைத்திருந்தது பல இடங்களில் அசிஸ்டன்ட்தான். ஜெஃப் எமரிக் 1962இல் லண்டனில் இ.எம்.ஐ. ஸ்டுடியோவில் உதவியாளராகச் சேர்ந்தார். நடுவில் இசைத்தட்டுக்கான மூலத் தட்டை (லாக்கர்) வெட்டும் வேலைகூடப் பார்த்தார். 1966இல் பீட்டில்ஸுக்கு இன்ஜினியராக உட்கார்ந்தபோது அவருக்கு வயது இருபது. நாலு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்ததன் பலன்.

நான் டேப்பின் வாலைப் பிடித்தவன். இரண்டு தடவைதான் அந்தப் பொத்தான் என் கையில் வந்தது. இரண்டாவது தடவை ஒரு சொல்லை அழித்தேன். நல்ல வேளை, பாடியவருக்கும் அந்தச் சொல் பிடிக்கவில்லை.

பழங்கதை போதும்.

புதுச்செவி | ஜூன் 6, காலை 9.40

அண்ணா, கேபிள் முயன்று பார்த்தேன். ஆறாவது சுற்றில் எது நேர், எது கவிழ்ப்பு என்றே மறந்துவிட்டது. நீங்கள் சொன்ன பூத்தொடுத்தலும் வந்தது. என் கட்சியை இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு சந்தேகம்: ரிப்பன் மைக்குக்கு 48 வோல்ட் போனால் செத்துவிடும் என்கிறார்களே, நிஜமா?

பழையகேபிள் | ஜூன் 6, காலை 10.10

செத்துவிடும். கன்சோலிலிருந்து கேபிள் வழியாக மைக்குக்கு மின்சாரம் அனுப்புகிற பொத்தான் அது. ரிப்பன் இருக்கிற சேனலில் அந்தப் பொத்தான் பக்கமே போகாதீர்கள்.

48 என்கிற எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1966இல் மைக் தயாரிக்கிற நோய்மன் நிறுவனம் நார்வே வானொலிக்காக டிரான்சிஸ்டர் வைத்த புது மைக் ஒன்றைக் கொண்டுபோனது. அந்த ஸ்டுடியோக்களில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இருக்கிறதை வைத்துக்கொள்வோம் என்று அதையே எடுத்துக்கொண்டார்கள். நாம் தினமும் அமுக்குகிற பொத்தான் ஒரு எமர்ஜென்சி லைட்டின் மிச்சம்.

பழையகேபிள் | ஜூன் 7, காலை 6.50

நேற்று சொன்னதில் பாதிதான் சரி. ராத்திரி படுத்தபின் மனசு குடைந்தது.

ஃபேண்டம் பவர் என்கிற இந்த 48 வோல்ட், மைக் கேபிளின் இரண்டு சிக்னல் கம்பிகளிலும் ஒரே அளவாக ஏறுகிறது. இரண்டிலும் 48 என்றால் இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் பூஜ்யம். ஆகவே கேபிளும் மைக்கும் நல்ல நிலையில் இருந்தால் ரிப்பன் வழியாக எதுவும் ஓடாது, ஒன்றும் ஆகாது. கேபிளில் ஒரு கம்பி அறுந்திருந்தாலோ ஷார்ட் ஆகியிருந்தாலோதான் சமநிலை குலைந்து ரிப்பன் அடி வாங்கும். இன்னொரு ஆபத்து, மைக் இணைப்புகளைப் பேட்ச் பே (கேபிளைச் செருகி இணைப்பை மாற்றுகிற பலகை) வழியாக இழுத்திருக்கிற இடங்களில். அந்த ஜாக்கைச் செருகும் கணத்தில் அதன் தொடுமுனைகள் ஒன்றன்பின் ஒன்றாக உரசிக்கொண்டு போகும், எல்லாம் ஒரே நேரத்தில் சேராது. அந்த இமைப்பொழுதில் 48 ஒரு பக்கமாகப் பாயலாம். பழைய ரிப்பன் மெல்லிய அலுமினியத் தகடு. மூச்சை ஊதினாலே தொங்கிப்போகும், இதைத் தாங்குமா?

ஆக விதி அப்படியே இருக்கட்டும்: பேட்ச் செய்யும்போது 48 அணைந்திருக்க வேண்டும், ரிப்பன் சேனலில் பொத்தானைத் தொடாதிருப்பது நல்லது. காரணத்தைத்தான் நான் தப்பாக வைத்திருந்தேன். இப்போது வருகிற, உள்ளேயே மின்சுற்று வைத்த ஆக்டிவ் ரிப்பன்களுக்கு 48 கட்டாயம் வேண்டும் என்பது வேறு கதை. எனக்கு யாரும் காரணம் சொல்லித் தரவில்லை, "தொடாதே" என்று கையில் தட்டினார்கள். தட்டியதும் மனப்பாடமாகிவிட்டது, புரிந்ததா என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் காரணத்தைக் கேளுங்கள். செஷன் நடுவில் வேண்டாம், சுற்றி மாட்டுகிற நேரத்தில் கேளுங்கள்.

பழையகேபிள் | ஜூன் 7, காலை 6.58

48 தேவைப்படுகிற கண்டன்சர் மைக்குக்கு அதைப் போடும்போது மானிட்டர் ஸ்பீக்கரை முதலில் மியூட் செய்யுங்கள். இல்லாவிட்டால் 'டப்' என்று ஒரு அடி. ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உள்ளே ஒருவர் நின்றிருந்தால் அன்றைய பொழுது முடிந்தது.

பழையகேபிள் | ஜூன் 7, இரவு 9.30

ஹெட்ஃபோன் என்றதும் ஞாபகம் வந்தது. நான் கற்றுக்கொண்டதிலேயே பெரிய விஷயம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான்.

ஒரு தடவை லெவல் பார்ப்பதற்காக என்னை மைக் முன்னால் நிறுத்தினார்கள். சும்மா எண் எண்ணிக்கொண்டிரு என்றார்கள். எண்ணினேன். நிறுத்தினேன். காதில் மயான அமைதி. கண்ணாடி வழியே பார்க்கிறேன், கன்ட்ரோல் ரூமில் மூன்று பேர் ஏதோ பேசுகிறார்கள். ஒருவர் தலையை ஆட்டுகிறார். இன்னொருவர் சிரிக்கிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இத்தனைக்கும் நான் பாடவில்லை, ஒன்று இரண்டு மூன்று சொன்னேன். அதற்கே 'நம்மைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ' என்று வயிற்றைக் கலக்கியது. வெளியே வந்து கேட்டால், யாரோ புதுச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போன கதை.

உயிரைக் கொடுத்து ஒரு பாட்டைப் பாடி முடித்தவருக்கு அந்த அமைதி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டு முடிந்து கடைசி ஒலி அடங்கியதும் டாக்பேக்கில், அதாவது பாடகரின் ஹெட்ஃபோனுக்குப் பேசுகிற மைக்கில், ஏதாவது சொல்ல வேண்டும். "பதிவாகிவிட்டது, ஒரு நிமிஷம் கேட்கிறோம்" என்றால்கூடப் போதும். அதைச் சொல்வது இன்ஜினியரின் வேலை, அசிஸ்டன்டின் வேலை இல்லை. ஆனால் உள்ளே சிரிப்புச் சத்தம் எழும்போது கண்ணாடியை முதலில் பார்ப்பது அசிஸ்டன்டாக இருக்கலாம்.

ஹெட்ஃபோனை ஒருவரிடம் கொடுக்குமுன் நீங்கள் மாட்டிப் பாருங்கள். சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு மாட்டி, மெல்ல ஏற்றுங்கள். கிளிக் (தாளம் காட்டும் 'டிக் டிக்') எவ்வளவு, அவர் குரல் எவ்வளவு, இடது வலது இரண்டும் வேலை செய்கிறதா. அவர் குரல் அவருக்கே ஒரு மயிரிழை தாமதமாகக் கேட்டால் சொல்லத் தெரியாத எரிச்சல் வரும், "என்னமோ சரியில்லை" என்பார். பஃபர், அதாவது கணினி சேர்த்து வைத்து அனுப்புகிற ஒலித்துண்டு, 256 சாம்பிள், ரேட் 48 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 சாம்பிள்) என்றால் ஒரு வழிக்கே 5 மில்லி செகண்டுக்கு மேல். போக வரக் கணக்குப் பார்த்தால் இரண்டு பங்கைத் தாண்டும். அவர் குரல் அவர் மண்டையோட்டு வழியாக உடனே கேட்டுவிடுகிறது, ஹெட்ஃபோன் வழியாக வருவது பின்னால் வந்து அதோடு மோதுகிறது. ஒலி ஓட்டையாக, குழாய்க்குள் பாடுவது போல இருக்கும். "தொண்டை சரியில்லை போல" என்று அவர் தன்னையே நொந்துகொள்வார்.

பழையகேபிள் | ஜூன் 8, மதியம் 1.15

தனிச் செய்தியில் ஒருவர் எழுதியிருக்கிறார்: ஹம் வந்தால் பவர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் போயே போச்சு, இதைப் போய்ச் சொல்லித்தர வேண்டுமா என்று. ஐயா, ஹம் போகும். கூடவே ஆளும் போகலாம். மின்சார எர்த்தை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள். கிடார் கைக்கும் மைக் உதட்டுக்கும் நடுவே நிற்பது ஒரு மனிதர். கிடாரை நேராகக் கன்சோலோடு இணைக்கிற டி.ஐ. பெட்டியில் 'லிஃப்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஆடியோ கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் பிரிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது. அதைப் போடுங்கள்.

இரைச்சலைக் காதால் பிரிக்கப் பழகினால் பாதி வேலை மிச்சம். 'ம்ம்ம்' என்று உருண்டையாக அடியில் நின்றால் பெரும்பாலும் எர்த் லூப், அதாவது எர்த் இரண்டு வழியாகச் சேர்ந்து வளையமாகியிருக்கும். 'ஸ்ஸ்ர்ர்' என்று முள்முள்ளாக இருந்தால் டிம்மர் விளக்கோ, மலிவான அடாப்டரோ பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒரு நாள் இரண்டு மணி நேரம் எல்லாக் கேபிளையும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிடார்காரர் "கண் கூசுகிறது" என்று எழுந்து போய் விளக்கை முழுதாக அணைத்தார். இரைச்சல் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காதது அவர் பெருந்தன்மை.

புதுச்செவி | ஜூன் 8, மாலை 5.00

எல்லாம் சரி. முதல் ஆறு மாதம் சம்பளம் இல்லை என்கிறார்களே?

பழையகேபிள் | ஜூன் 8, மாலை 5.25

எல்லோரும் அப்படித்தான் வந்தோம்.

பழையகேபிள் | ஜூன் 8, இரவு 8.10

மேலே எழுதிய வரியை மறுபடி படித்தேன். வெட்கமாக இருக்கிறது. எனக்கு இதைச் சொன்னவரும் இதே வரியைத்தான் சொன்னார், அன்றைக்கு அவர்மேல் எவ்வளவு கோபம் வந்தது என்று மறந்துவிட்டேன். என்னோடு சேர்ந்தவர் ஒருவர் இருந்தார், என்னைவிட நல்ல காது. மூன்றாவது மாதம் நின்றுவிட்டார், வீட்டில் தாங்கவில்லை. நான் நிலைத்ததற்குத் திறமை காரணம் இல்லை, தங்க ஓர் இடமும் ஒரு வேளைச் சாப்பாடும் சும்மா கிடைத்ததுதான் காரணம். சம்பளம் கேளுங்கள். குறைவாக இருந்தாலும் ஒரு தொகை, ஒரு தேதி. "பார்க்கலாம்" என்றால் எத்தனை மணி நேர வேலை, எப்போதிலிருந்து காசு என்று எழுதி வாங்குங்கள்.

பழையகேபிள் | ஜூன் 9, இரவு 1.10

தூக்கம் வரவில்லை. 'வாயைத் திறக்காதே' என்று ஐந்தாம் தேதி எழுதினேனே, அதைப் பற்றி.

நான் சேர்ந்து எட்டாவது மாதம். ஒரே ஒரு பாடகர், தயாராக வந்த இசைத்தடத்தின்மேல் பாட வேண்டும், அவ்வளவுதான் செஷன். எனக்கு மூலையில் ஒரு ஸ்டூல். அங்கிருந்து திரை தெரியாது. ஒவ்வொரு டேக்கும் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, என்ன ஆயிற்று என்று தாளில் எழுதுவது என் வேலை. கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதுவேன்.

பாட்டின் நீளம் சரியாக 4 நிமிஷம் என்று கூட வந்த குறிப்பில் இருந்தது. முதல் டேக் முடிந்ததும் என் கடிகாரக் கணக்கு 3:40. தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாவது டேக், 3:40. மூன்றாவது, 3:40. இதற்கிடையே பாடகர் இரண்டு தடவை, "இன்றைக்கு என்ன, சுருதி மேலேயே நிற்கிறது" என்றார். "நல்லாத்தான் வருது, போகலாம்" என்று பதில் போனது.

பேப்பர் எடுக்கிற சாக்கில் எழுந்து போனேன். திரையில் செஷன் 44.1 கிலோஹெர்ட்ஸ் என்றிருந்தது. கருவிகளுக்கெல்லாம் சாம்பிள் வேகத்தைச் சொல்கிற கிளாக் பெட்டி ராக்கில் இருந்தது, அதில் 48 கிலோஹெர்ட்ஸ் என்கிற விளக்கு எரிந்தது. முந்தின நாள் வீடியோவுக்கு வேலை செய்தவர்கள் அதை 48இல் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இன்டர்ஃபேஸ் அந்தக் கிளாக்கைப் பின்பற்றிக்கொண்டிருந்தது. 44.1க்கான கோப்பு 48 வேகத்தில் ஓடியது. பாட்டு வேகமாகப் போகும், சுருதியும் ஏறக்குறைய ஒரு செமிடோன் (கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைக்கு உள்ள இடைவெளி) ஏறும். பாடகர் அந்த ஏறின சுருதிக்கு எட்டிப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. இன்ஜினியர் என்னைவிடப் பத்து வருஷம் மூத்தவர். தயாரிப்பாளர் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். நாலாவது டேக்கையும் எழுதினேன். 3:40.

பதிவை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோய் 44.1இல் ஓட்டினார்கள். இசை ஒழுங்கான சுருதியில் வந்தது. குரலும் அதோடு சேர்ந்துதான் வந்தது, ஆனால் கனத்துப்போய், சளி பிடித்தவர் அரைத்தூக்கத்தில் பாடுவது போல. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டார்கள். பாடகரை மறுபடி கூப்பிட்டார்கள். அவர் இரண்டாவது தடவை வந்தபோது, "அன்றைக்கே சொன்னேனே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். என் தாள் கோப்பில் இருந்தது. நாலு வரிசையில் நாலு 3:40. யாரும் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு வேலை போயிருக்கும், போயிருக்கவும் வேண்டும்.

பழையகேபிள் | ஜூன் 9, காலை 8.20

கணக்கில் ஒரு திருத்தம். 48ஐ 44.1ஆல் வகுத்தால் 1.088. ஒரு செமிடோன் ஏற 1.059 போதும், இரண்டு ஏற 1.122 வேண்டும். ஆக ஏறியது ஏறக்குறைய ஒன்றரை. எந்தக் கட்டையிலும் உட்காராமல் இரண்டு கீகளுக்கு நடுவே தொங்குகிற சுருதி. பக்கத்தில் ஒரு கீபோர்டு இருந்து யாராவது ஒரு கட்டையைத் தொட்டிருந்தால் அந்த நிமிஷமே மாட்டியிருக்கும். 240 விநாடியை 1.088ஆல் வகுத்தால் 220 சொச்சம், அதாவது 3:40. என் கடிகாரம் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது.

பழையகேபிள் | ஜூன் 9, மாலை 6.45

ஆகவே ஐந்தாம் தேதி போட்ட விதியில் நூற்றுக்கு நூறு என்பதை வாபஸ் வாங்குகிறேன். இரண்டாகப் பிரிக்க வேண்டும். பாட்டு எப்படி, குரல் எப்படி, இந்த ரிவர்ப் வேண்டுமா வேண்டாமா, இதிலெல்லாம் உங்களுக்கு அபிப்பிராயமே கிடையாது. கேட்டாலும் கிடையாது. ஆனால் ஒலி அளவு மீறிச் சிவப்பு விளக்கு எரிகிறது, டிரைவில் இடம் தீர்கிறது, 4 நிமிஷப் பாட்டு 3:40இல் முடிகிறது, இதெல்லாம் அபிப்பிராயம் இல்லை. சொல்லியே ஆக வேண்டும்.

எப்படிச் சொல்வது என்பதில்தான் சூட்சுமம். எல்லோர் முன்னாலும் "சார், கிளாக் தப்பா இருக்கு" என்றால் இன்ஜினியரின் மானம் தயாரிப்பாளர் முன்னால் போகும், அப்புறம் சரியாக இருந்தாலும் நீங்கள் தப்புதான். காதில் கிசுகிசுத்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தன்னைப் பற்றித்தான் என்று நினைப்பார். டேக் எழுதுகிற தாளின் ஓரத்தில் "கிளாக் 48?" என்று எழுதி, கேள்விக்குறியோடு, அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கேள்விக்குறி முக்கியம். அவரே கண்டுபிடித்த மாதிரி இருக்கும். இதை நான் கண்டுபிடித்தது அடுத்த வருஷம்.

புதுச்செவி | ஜூன் 12, இரவு 11.55

சேர்ந்துவிட்டேன். சம்பளம் கேட்டேன், முதல் மாதத்திலிருந்தே கொஞ்சம் தருகிறேன் என்றார்கள், எழுதியும் கொடுத்தார்கள். கேட்டதால் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

முதல் நாள் பூராவும் கேபிள். இரண்டாம் நாள் யாரோ மாடி அறையில் பதிவு செய்துவிட்டுப் போன செஷனைத் திறந்து ஒழுங்குபடுத்தச் சொன்னார்கள். 'ஆடியோ 1_07', 'ஆடியோ 1_08', 'ஆடியோ 3_22' என்று நூற்றுச் சொச்சம் கோப்பு. எது குரல், எது கிடார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயர் வைத்தேன். ஆறு மணி நேரம் ஆனது. அந்த ஆள் கையில் கிடைத்தால்...

பழையகேபிள் | ஜூன் 13, காலை 7.30

அந்த ஆள் மூன்று வருஷமாக வீட்டில் மிக்ஸ் செய்கிறவராக இருக்கலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பதிவை அமுக்குவதற்கு முன்னால் டிராக்குக்குப் பெயர் வையுங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் கோப்பு பிறக்கும்போது டிராக் பெயரைத்தான் எடுத்துக்கொள்ளும். பிறந்தபின் டிராக்குக்குப் பெயர் மாற்றினாலும் கோப்பு பழைய பெயரிலேயே நிற்கலாம். அப்புறம், அன்றைய வேலை இரண்டு வெவ்வேறு டிரைவில் இருக்கிறது, இரண்டும் திறக்கிறது என்று பார்க்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். நகல் எடுத்தால் போதாது, திறந்து பார்க்க வேண்டும். திறக்காத நகலை நம்பிக் கெட்ட கதை என்னிடம் ஒன்று உண்டு, அதை எழுத மனசில்லை.

காதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது ஒரு வரம்பு. 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும்: 88இல் நாலு, 91இல் இரண்டு. சீனியர்கள் சத்தமாகக் கேட்பார்கள், நீங்கள் எழுந்து வெளியே போக முடியாது. காதடைப்பான் வைத்துக்கொள்ளுங்கள், கிண்டல் செய்வார்கள், வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இடது காதில் ஒரு மெல்லிய விசில் பதினைந்து வருஷமாக நிற்கவில்லை.

புதுச்செவி | ஜூன் 14, இரவு 8.40

நாளை காலை 9 மணிக்கு ட்ரம்ஸ் செஷன். பன்னிரண்டு மைக். நான் முதல் தடவையாக செட்டப்பில் இருக்கிறேன். என்ன பார்க்க வேண்டும்? என்ன கொண்டுபோக வேண்டும்? (கேபிள் சுற்ற வந்துவிட்டது. வீசிக் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை.)

பழையகேபிள் | ஜூன் 14, இரவு 9.20

எட்டு மணிக்குப் போங்கள். பூம் ஸ்டாண்டை விரிக்கும்போது மூன்று காலில் ஒரு கால் பூம் நீளும் பக்கமாக, அதற்கு நேர் கீழே இருக்கட்டும். இல்லாவிட்டால் மைக்கின் கனத்தில் சாயும். ஸ்னேர் என்கிற சிறு ட்ரம்முக்கு வைத்த ஒரு மைக் அப்படி என் கண்முன்னால் மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது. கையில் இரண்டு கேபிள் இருந்ததால் காலை நீட்டினேன். காலில் விழுந்தது. மைக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஸ்னேருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று வைப்பார்கள். அடி விழும்போது மேல்தோல் ஒரு மைக்கை விட்டு விலகுகிறது, கீழ்த்தோல் இன்னொரு மைக்கை நோக்கி வருகிறது. இரண்டையும் அப்படியே சேர்த்தால் ஒன்றையொன்று தின்று ஸ்னேர் அட்டைப்பெட்டி மாதிரி ஒலிக்கும். அதனால்தான் கீழ் மைக்கின் போலாரிட்டியை, அதாவது அலையின் மேல் கீழை, திருப்புவார்கள். திருப்புமுன் ஒரு தடவை, திருப்பியபின் ஒரு தடவை கேளுங்கள். இதை வீட்டில் லேப்டாப்பில் எத்தனை தடவை படித்திருந்தாலும், அறையில் கேட்கும்போது சிரிப்பு வரும். தலைக்கு மேலே இரண்டு மைக் தொங்கும், ஸ்னேரிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று யாராவது அளப்பார்கள். ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் போகிறது. அந்த அளவு முன்பின் இருந்து இரண்டையும் சேர்த்துக் கேட்டால் 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும், அதற்குமேல் 1500இல், 2500இல் என்று வரிசையாக. டேப் அளவை இருக்கிறதா என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு மைக் கேபிளையே ஸ்னேர் நடுவில் பிடித்து இழுத்து அளக்கலாம், கேபிளுக்கு அதுவும் ஒரு வேலை.

கொண்டுபோக: பென்சில் இரண்டு. பேனா வேண்டாம், டேக் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். பசை மிச்சம் விடாத ஒட்டுநாடா, கன்சோலில் ஒலியை ஏற்றி இறக்குகிற ஃபேடருக்குக் கீழே ஒட்டிப் பெயர் எழுத. சிறு டார்ச். சத்தம் போடாத செருப்பு. சாவிக்கொத்து, சில்லறை எதுவும் பையில் வேண்டாம். போன் வீட்டிலேயே இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அணைத்துவிடுங்கள், வைப்ரேஷனும் மைக்கில் ஏறும்.

பழையகேபிள் | ஜூன் 14, இரவு 9.24

ஒரு கைக்கடிகாரமும். விநாடி முள் இருக்க வேண்டும், 'டிக் டிக்' என்று கேட்கக் கூடாது. கடையில் வாங்கும்போது காதில் வைத்துப் பாருங்கள்.